பற்சக்கரமும் ஆண் உடலும்: லோயர் கேம்ப் ஏற்றத்திலிருந்து சில குறிப்புகள்

கியர் வைத்த சைக்கிளை ஓட்டக் கற்றுக்கொண்டது என் முப்பத்திரண்டாவது வயதில். கூடலூர் தாண்டி லோயர் கேம்ப், அங்கிருந்து குமுளி ஏற்றம். முதல் நாள் இரண்டாவது வளைவிலேயே செயின் கடகடவென்று கத்திக் கழன்று விழுந்தது. கம்பத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர்தான் விஷயத்தைச் சொன்னார்: "ஏறுறதுக்கு முன்னாடியே மாத்திரணும் தம்பி. மூச்சு முட்டுனப்புறம் மாத்துனா செயின் எப்படி உக்காரும்? மாத்துற நேரம் காலை லேசா வையி."

தெரியாததால் மட்டும் நான் மாற்றாமலிருக்கவில்லை. சின்னப் பல்லுக்கு இறங்குவது தோற்றுப்போவது மாதிரி இருந்தது. இந்த வெட்கத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது என்பதால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் கணக்கு. என் பழைய வண்டியில் பெடல் வட்டில் 44 பல், பின்னால் ஃப்ரீவீலில் 18. ஒரு முழு மிதிக்கு வண்டி ஐந்து மீட்டருக்கு மேல் போகும். மலை சைக்கிளில் முன்னால் இருக்கும் மிகச் சிறிய வட்டு 24, பின்னால் மிகப் பெரியது 28. ஒரு மிதிக்கு இரண்டு மீட்டர்கூட நகராது. மலையின் உயரம் குறையவில்லை, ஏற வேண்டிய பாரமும் குறையவில்லை. அதே வேலை மூன்று மடங்கு மிதிகளாக உடைக்கப்படுகிறது. கியர் பலம் தருவதில்லை, இருக்கிற பலத்தைச் சில்லறையாக மாற்றித் தருகிறது. (21 கியர் என்று விற்கிறார்களே, முன்னால் 3, பின்னால் 7 என்ற பெருக்கல்தான் அது. பல சேர்க்கைகள் ஒன்றின்மேல் ஒன்று விழும். பெரியதோடு பெரியதைப் போட்டால் செயின் கோணிக்கொள்ளும். நிஜத்தில் பாதி தேறினால் அதிகம்.)

இந்தச் சில்லறையைத்தான் ஆண் உடல் குறித்த சொல்லாடல் நெடுங்காலம் ஏற்க மறுத்தது. பிரான்சின் சேந்த் எத்தியேன் நகரில் வெலோசியோ என்ற புனைபெயரில் எழுதிவந்த பால் தெ விவி கியருக்காக வாழ்நாள் முழுக்க வாதாடினார். 1902இல் நடந்த ஒரு மலைப்பாதைச் சோதனையில் ஒற்றைப் பல் வண்டியில் வந்த ஃபிஷெர் என்ற வீரர் ஏற்றத்தில் இறங்கித் தள்ள வேண்டியதாயிற்று. மூன்று கியர் வண்டியில் வந்த மார்த் எஸ் என்ற பெண் காலைத் தரையில் வைக்கவேயில்லை. அடுத்த ஆண்டு தூர் தெ பிரான்ஸ் பந்தயத்தைத் தொடங்கவிருந்த ஆன்ரி தெகிராஞ்ச் இதற்கு என்ன சொன்னார்? கியரெல்லாம் நாற்பத்தைந்து தாண்டியவர்களுக்கு என்றார். அவருடைய பந்தயத்தில் செயினை மாற்றிப்போடும் கியருக்கு 1937இல்தான் அனுமதி கிடைத்தது. ஒரு பெண் ஏறிப்போன மலையில் ஆண் தள்ளிக்கொண்டு போனதை மறக்க முப்பத்தைந்து வருஷம்.

மலை சைக்கிள் என்ற பெயரில் நாம் வாங்குவது 1970களில் கலிபோர்னியாவின் தமால்பயஸ் மலைச்சரிவில் பிறந்தது. (பெயரைப் பார்த்துவிட்டு நம்மாட்கள் யாரும் குமரிக்கண்டத்துக்குக் கிளம்பிவிட வேண்டாம்.) பழைய ஷ்வின் வண்டிகளில் சும்மா சரிந்து இறங்கி விளையாடிய இளைஞர்கள், திரும்ப மேலே தள்ளிக்கொண்டு போகாமல் ஓட்டிக்கொண்டே ஏறுவதற்காகக் கியர் பூட்டினார்கள். ஓய்வு நேரம் உள்ளவர்களின் கண்டுபிடிப்பு.

நம் பக்கத்து வரலாறு வேறு. புதுக்கோட்டையில் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து பெண்கள் சைக்கிள் கற்றார்கள். 1992இல் ஒரே வாரத்தில் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் பொதுவெளியில் ஓட்டிக் காட்டினார்கள். பி. சாய்நாத் இதைப் பதிவுசெய்திருக்கிறார். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஜென்ட்ஸ் வண்டியில் ஏறியவர்களில் சிலருக்கு அதுவே பிடித்துப்போனது. பாரில் குழந்தையை உட்காரவைக்கலாம். பயனிலிருந்து பொருளுக்கு இப்படி ஒரு புது அர்த்தம் உருவானதை நம் விமர்சகர்கள் போதுமான அளவு பேசவில்லை. பிறகு 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கி, பின்னர் விரிந்த அரசின் இலவச சைக்கிள். அதுவும் ஒற்றைப் பல்தான்.

புதுக்கோட்டைக்கு ஒற்றைப் பல் போதும். கம்பம் பள்ளத்தாக்கின் அடிநிலத்துக்கும் போதும்: சின்னமனூர், உத்தமபாளையம், நெல்வயல், திராட்சைப் பந்தல். ஆனால் இங்கே பெண்களுக்கான கூலி வேலையில் பெரும்பங்கு மேலே, இடுக்கியின் ஏலக்காய்த் தோட்டங்களில் இருக்கிறது. குமுளி, கம்பம் மெட்டு, போடி மெட்டு வழியாக விடியுமுன் ஜீப்புகள் ஏறுகின்றன, ஆட்கள் நெருக்கியடித்துக்கொண்டு. ஏற்றத்துக்கான கியர் டிரைவர் கையில். போகிற நேரமும் திரும்புகிற நேரமும் அவர்கள் வசம் இல்லை. இவர்களுக்கு ஆளுக்கொரு கியர் சைக்கிள் கொடுத்தால் சரியாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. அத்தனை தூரம் ஏறி, நாள் முழுக்கக் காய் பறித்துவிட்டு இறங்க எந்த உடம்பாலும் ஆகாது. சைக்கிளை விடுதலையின் குறியீடாக வாசிக்கிறபோது நிலத்தின் சரிவையும் யாருடைய தோட்டம் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதையும் சேர்த்து வாசிக்க வேண்டும் என்கிறேன்.

இதில் என் இடம் சங்கடமானது. அவர்கள் வேலைக்குப் போகிற ரோட்டில் நான் உடற்பயிற்சிக்குப் போகிறேன். பெரியாற்றுத் தண்ணீர் மின்நிலையத்துக்கு இறங்கும் நான்கு ராட்சதக் குழாய்கள் தெரியும் இடத்தில், போன மாதம், முன்னால் 24, பின்னால் 28 போட்டு நடக்கிற வேகத்தில் ஏறிக்கொண்டிருந்தேன். ஜீப் ஒன்று என்னைத் தாண்டியது. பின்னால் தொற்றியிருந்த ஒரு அக்கா கத்தினார்: "ஏந்தம்பி, எறங்கி வந்து தள்ளிவிடவா?" உள்ளேயிருந்து ஏழெட்டுப் பேர் சிரித்தார்கள். மணி அப்போது ஆறுகூட ஆகவில்லை.