மனத்திற்கு முதலுதவி

உடலில் காயம் பட்டவருக்கு மருத்துவர் வருமுன் கட்டுப் போடுகிறோம். பேரிடரால் நிலைகுலைந்த மனத்திற்கும் அத்தகைய முதலுதவி உண்டென்பதை உலகம் அறிய வெகுகாலம் ஆயிற்று. அவ்வறிவு வளர்ந்த வரலாற்றைச் சிறிது காண்போம்.

1942 நவம்பர் 28ஆம் நாள் இரவு, அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஒரு கேளிக்கை விடுதி தீப்பற்றி எரிந்தது. மாண்டவர் 492 பேர். உயிர் தப்பியோரையும் உற்றாரை இழந்தோரையும் எரிக் லிண்டமன் என்னும் மனநல மருத்துவர் ஆராய்ந்தார். பெருமூச்சும் தளர்ச்சியும் குற்ற உணர்வும் சித்தபேதத்தின் குறிகள் அல்ல, இழப்புக்கு மனம் காட்டும் இயல்பான எதிரொலியே என்று 1944இல் அவர் எழுதினார்.

நம் நாட்டில், 1984 டிசம்பர் 2ஆம் நாள் நள்ளிரவை ஒட்டிப் போபாலில் நச்சுவாயு கசிந்தது. கண்ணும் நுரையீரலும் மட்டுமன்றி மக்களின் மனமும் புண்பட்டிருந்தது. ஆகவே 1985இல் அங்கிருந்த பொது மருத்துவர்களுக்கு மனநலப் பயிற்சி அளிக்கப்பட்டது.

இவ்வரலாற்றில் ஒரு பிழையும் உண்டு. நடந்ததை உடனே விரிவாகச் சொல்ல வைத்தால் மனப்பாரம் நீங்கும் என்ற கருத்து 1980களில் பரவியது. ஆனால் அத்தகைய ஒருமுறை உரையாடல் பின்னாளில் வரும் மனநோயைத் தடுக்கவில்லை. சிலருக்குத் தீங்கும் விளைத்திருக்கலாம் என்பது 2002ஆம் ஆண்டளவில் ஆராய்ச்சிகளைத் தொகுத்து நோக்கியபோது தெரிந்தது. உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட கையேடு, பார்த்தல், கேட்டல், இணைத்தல் என மூன்றே செயல்களைக் கூறுகிறது. ஆபத்து உள்ளதா என்று பார்க்க வேண்டும். வற்புறுத்தாமல் கேட்க வேண்டும். உறவினரோடும் மருத்துவரோடும் இணைக்க வேண்டும்.

பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இதில் தனிக் கடமை உண்டு. பம்பாயிலோ தில்லியிலோ பல ஆண்டுகள் அயல்மொழி பேசிப் பழகியவரும், துயரம் தாக்கும்போது தாய்மொழியையே நாடுவதுண்டு. அவர் அருகில் அமர்ந்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, "ஊரில் யாருக்குச் சொல்ல வேண்டும்?" என்று தமிழில் கேட்க நம்மால் இயலும். "அழாதே, எல்லாம் விதி" என்று வாயடைக்க வேண்டியதில்லை. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வெளிப்பட்டால் அவரைத் தனியே விடலாகாது. உடனே மருத்துவ உதவி நாட வேண்டும். 2022 அக்டோபரில் அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவை, 14416 என்ற எண்ணில் தமிழிலும் கிடைக்கிறது.

மருத்துவர் வரும்வரை உடனிருப்பதற்குப் பட்டம் வேண்டியதில்லை, பொறுமை வேண்டும்.