மன்னாரும் பாஸ்க் நாடும்

இலங்கையின் வடமேற்கே உள்ள மன்னாருக்கும், ஸ்பெயினின் வடக்கிலும் பிரான்ஸின் தென்மேற்கிலுமாகக் கிடக்கும் பாஸ்க் நிலத்துக்கும் தொடர்பை உண்டாக்கியவர் புனித பிரான்சிஸ் சவேரியார். 1506இல் நவார் அரசில் பிறந்த இவருக்குத் தாய்மொழி பாஸ்க். இயேசு சபையின் நிறுவுநர் இஞ்ஞாசியாரும் பாஸ்க் நாட்டவரே.

1542இல் தமிழகத்தின் தென்கரையான முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார், 1544 ஜனவரியில் எழுதிய மடலில், இம்மக்களின் தாய்மொழி மலபார் (அக்கால ஐரோப்பியர் தமிழை அப்படித்தான் அழைத்தனர்), தமது மொழி பாஸ்க், ஆகவே ஒருவர் பேச்சு மற்றவருக்கு விளங்கவில்லை என்கிறார். போர்த்துக்கேயம் அறிந்த உள்ளூராரைக் கொண்டு செபங்களைத் தமிழாக்கி, மனனம் செய்தே கற்பித்தார். அதே ஆண்டில் மன்னார் மக்கள் அவரை அழைத்தனர். தாம் வராமல் வேறொரு குருவை அனுப்பினார். அவரிடம் திருமுழுக்குப் பெற்றவர்களில் 600 முதல் 700 பேர் வரை யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் ஆணையால் கொல்லப்பட்டதாக மரபு கூறும். தோட்டவெளியிலுள்ள வேதசாட்சிகளின் இராக்கினி ஆலயம் அவர்களின் நினைவிடம்.

போர்த்துக்கேயர் 1560இல் பிடித்த மன்னாரை ஒல்லாந்தர் 1658இல் கைப்பற்றினர். கத்தோலிக்கம் தடைசெய்யப்பட்டது. 1670 அளவில் மாந்தையிலிருந்து சில குடும்பங்கள் மாதாவின் திருச்சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போயின. அந்தக் காடே மருதமடு. அச்சுரூபத்துக்கு 1924 ஜூலை 2இல் முடிசூட்டப்பட்டது. ஆடித் திருவிழாவுக்கும் ஆவணித் திருவிழாவுக்கும் சிங்களவரும் தமிழரும் ஒன்றாக வந்து கூடுவர். உள்நாட்டுப் போர்க்காலத்தில் மடு அகதி முகாமாயிற்று. 1999 நவம்பரில் எறிகணை விழுந்து, அங்கே தஞ்சம் புகுந்திருந்த ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். 2008இல் சுரூபம் தேவன்பிட்டிக்கு எடுத்துச் செல்லப்பட்டுச் சில மாதங்களில் திரும்பியது. பாப்பரசர் பிரான்சிஸ் 2015 ஜனவரி 14இல் மடுவில் செபித்தார். மன்னாரின் துயரம் கத்தோலிக்கருடையது மட்டுமன்று. 1990 அக்டோபரில் மன்னார்த் தீவின் முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டதையும் சேர்த்துத்தான் இவ்வரலாற்றைச் சொல்ல வேண்டும்.

பாஸ்க் மக்களுக்கும் 20ஆம் நூற்றாண்டு கொடியதே. 1937 ஏப்ரல் 26இல் கெர்னிகா நகரைக் குண்டுவீச்சு அழித்தது. ஸ்பெயினின் சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சியில் பாஸ்க் மொழியும் கொடியும் ஒடுக்கப்பட்டன. எந்த மொழிக் குடும்பத்திலும் சேராத அம்மொழிக்கான நாள் டிசம்பர் 3. சவேரியாரின் திருநாளும் அதுவே.

கலையில் மன்னாருக்குத் தனி முகம் உண்டு. வடபாங்கு, தென்பாங்கு என இருவகைக் கூத்தும் வாசாப்பு என்னும் நாடகமும் இங்கே வளர்ந்தன. பேசாலையின் உடக்குப்பாஸ், இயேசுவின் பாடுகளைப் பொம்மைகளைக் கொண்டு காட்டுவது.

உதைபந்தாட்டத்தில் இரு நிலங்களின் ஒப்புமை தெளிவாகத் தெரிகிறது. 1898இல் தோன்றிய, பில்பாவோ நகரின் அத்லெற்றிக் கழகம், பாஸ்க் மண்ணில் பிறந்தவர்களையும் அங்கே பயின்று வளர்ந்தவர்களையும் மட்டுமே களமிறக்குகிறது. அப்படியிருந்தும் ஸ்பெயினின் முதற்பிரிவிலிருந்து ஒருபோதும் இறங்கியதில்லை. அதன் மைதானத்துக்கும் ஒரு புனிதரின் பெயரே: சான் மமேஸ். 1976 டிசம்பரில் கழகத்தின் அணித்தலைவர் இரிபாரும், மற்றொரு பாஸ்க் கழகமான ரியல் சோசியதாத்தின் அணித்தலைவர் கொர்த்தபாரியாவும் தடைசெய்யப்பட்டிருந்த பாஸ்க் கொடியை ஏந்தி சோசியதாத்தின் மைதானத்துக்குள் வந்தனர். 2024இல் ஸ்பெயினின் மன்னர் கிண்ணத்தை அத்லெற்றிக் வென்றபோது, நெர்வியோன் ஆற்றில் வள்ளமேறிக் கொண்டாடினர்.

உள்ளூரார் மட்டுமே ஆடவேண்டும் என்றொரு விதியை மன்னாரில் யாரும் எழுதிவைக்கவில்லை, தேவையும் இருக்கவில்லை. கரையோர ஊர்களில் கழகம் என்பது பெரும்பாலும் ஆலயப் பங்கின் நீட்சி. பள்ளிமுனையில் ஆலயமும் சென் லூசியா, கழகமும் சென் லூசியா. நகரின் ஆண்கள் கல்லூரி சவேரியார் பெயரைத் தாங்குகிறது. தேசிய அணியில் ஆடி, 2022இல் மாலைதீவில் காலமான டக்சன் பியூஸ்லஸ் மன்னார் மைந்தர். ஆனால் ஒப்புமையை இதற்குமேல் இழுக்கலாகாது. பில்பாவோவின் பின்னால் லெசாமா பயிற்சிக்கூடமும் செல்வமுள்ள தொழில் நகரமும் நிற்கின்றன. மன்னார் இளைஞனுக்குப் பின்னால் நிற்பது அவனது ஊர் மட்டுமே.