ஓசி ஆட்டமும் வாளையார் செக்போஸ்ட்டும்

2024 நவம்பரில் ஒருநாள் அக்கா ஊரிலிருந்து வாட்ஸப்பில் ஒரு பிடிஎஃப் அனுப்பினாள். கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்.

"தம்பி, நீ பேங்குலதானே இருக்கே. இதுல என்ன எழுதியிருக்குன்னு பார்த்துச் சொல்லு. எனக்கு ஒண்ணும் வெளங்கல."

அக்கா பையனுடைய பேங்க் ஸ்டேட்மெண்ட். கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் வேலை, வயது 25. ராத்திரி பதினொன்றரைக்கு 100 ரூபாய், பத்து நிமிஷம் கழித்து 200, அப்புறம் 500. எல்லாம் ஒரே இடத்துக்குப் போன பணம். ரம்மி. ஐந்து மாசக் கணக்கைக் கூட்டினேன். நம்பாமல் மறுபடி கூட்டினேன். 1,86,400 ரூபாய். வேலையில் தினமும் ஸ்டேட்மெண்ட் பார்க்கிறவன் நான். கணக்கு டேலி ஆனால் ஒரு திருப்தி வருமே, அது அன்றைக்கு வரவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. அந்தப் பையனை மடியில் உட்காரவைத்து மௌஸ் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவன் நான்தான். "விளையாடு கண்ணு, இது ஃப்ரீ" என்று சொன்னதும் நான்தான். அந்த ஃப்ரீ எப்படி இந்த ஸ்டேட்மெண்ட்டில் வந்து முடிந்தது? அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் கொசுவத்தி சுத்தணும், பொறுத்துக்குங்க.

எங்க ஊர் கொழிஞ்சாம்பாறை பக்கம். 1956 நவம்பர் 1-ல் கேரளா உருவானபோது சித்தூர், தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்கள் எல்லாம் கேரளத்தில் அமைந்தன. வீட்டில் தமிழ், ஆபீஸில் மலையாளம் என்று அன்றைக்கு ஆரம்பித்த பிழைப்பு. என் தாய்மாமா குடும்பம் மூணாறு பக்கம் டீ எஸ்டேட்டில். எங்க ஊரும் கேரளா, அவங்க ஊரும் கேரளா. ஆனால் நாங்கள் போகிற வழி கோபாலபுரம், பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு, மறையூர். சொந்த மாநிலத்தில் இருக்கிற மாமாவைப் பார்க்க பக்கத்து மாநிலம் வழியாகப் போய், ரெண்டு செக்போஸ்ட் தாண்டணும்!

சரி, விஷயத்துக்கு வருவோம்.

இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15. கொடுத்தது விஎஸ்என்எல். 1998 நவம்பரில் தனியார் கம்பெனிகளுக்கும் கதவு திறந்தது. அந்த வருஷம்தான் நான் பி.காம் சேர்ந்தேன். அப்போது எங்கே திரும்பினாலும் 'போர்ட்டல்' என்றுதான் பேச்சு. தமிழில் வலைவாசல் என்றார்கள், அருமையான சொல். ஒரே பக்கத்தில் மெயில், செய்தி, கிரிக்கெட் ஸ்கோர், ராசிபலன், சினிமா, சாட், விளையாட்டு. யாஹூ அமெரிக்காவில் போட்ட கோலத்தை இங்கே எல்லாரும் போட்டார்கள். ரீடிஃப் 1996-லேயே வந்துவிட்டது. மலையாளத்தில் தீபிகா பத்திரிகை 1997-ல் இணையத்துக்கு வந்தது. தமிழில் வெப்உலகம் வந்தது. மலையாளப் பக்கத்தைத் திறந்தால் கோயமுத்தூர் அயல் மாநிலம், தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் எங்க ஊர் அண்டை மாநிலம். ஆனால் ரெண்டும் ஒரு க்ளிக் தூரம், நடுவில் செக்போஸ்ட் கிடையாது. (தமிழ் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாகத் தெரியும், ஒவ்வொரு தளத்துக்கும் தனி எழுத்துரு இறக்கணும். அது வேறு கதை.)

1999 நவம்பரில் ஒரு செய்தி. ராஜேஷ் ஜெயின் நடத்திய இந்தியாவேர்ல்டை சத்யம் இன்ஃபோவே, அதாவது சிஃபி, 499 கோடி ரூபாய்க்கு வாங்கியது. சமாச்சார், கோஜ், கேல், பாவர்ச்சி என்று செய்தி, தேடல், கிரிக்கெட், சமையல் பக்கங்கள். எங்க அக்கவுண்டன்சி சார் வகுப்பில் குட்வில் நடத்திக்கொண்டிருந்தார். "சூப்பர் பிராஃபிட் மெத்தட்ல போட்டா இது எவ்வளவு வரும் சொல்லுங்கடா" என்று கேட்டார். இருந்த துளி பிராஃபிட்டில் சூப்பர் பிராஃபிட் எங்கே! ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

எனக்கு அது புரிந்தது வாளையாரில் பஸ் நின்றபோது. கோயமுத்தூர் ரோட்டில் போனவர்களுக்குத் தெரியும், வரி செக்போஸ்ட்டில் லாரிகள் மணிக்கணக்கில் நிற்கும். (2017-ல் ஜிஎஸ்டி வந்ததும் அந்த வரி செக்போஸ்ட் போய்விட்டது.) லாரியில் தேங்காய் போனால் என்ன, சிமெண்ட் போனால் என்ன, வாசலில் உட்கார்ந்திருப்பவனுக்கு வருமானம். போர்ட்டல்காரர்கள் கேட்டதும் அதே நாற்காலிதான். இணையத்துக்குள் போகிற ஒவ்வொருத்தரும் என் வாசல் வழியாகப் போகட்டும், தலையை எண்ணி விளம்பரக்காரனிடம் காசு வாங்கிக்கொள்கிறேன். அந்த நாற்காலிக்குத்தான் 499 கோடி.

2000 மார்ச்சில் அமெரிக்க நாஸ்டாக் 5,000 புள்ளிக்கு மேல் போய்த் திரும்பியது. 2002 அக்டோபருக்குள் முக்கால் பங்குக்கு மேல் கரைந்தது. விளம்பரப் பணம் வற்றியது. கூகுள் வேறு வந்து, தேடினோமா போனோமா என்று பழக்கிவிட்டது. வாசலில் யாரும் நிற்பதில்லை. நிற்கவைக்க என்ன வழி? விளையாட்டு!

யாஹூ 1997-ல் க்ளாசிக்கேம்ஸ் என்ற தளத்தை வாங்கி, 1998-ல் யாஹூ கேம்ஸ் ஆரம்பித்திருந்தது. செஸ், பூல், சொல் கட்டுகிற லிட்டராட்டி. 2002-ல் எங்க ஊர் கஃபேயில் மணிக்கு 30 ரூபாய். மூணாறில் மாமா பையனும் ஒரு கஃபே கண்டுபிடித்தான். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு ரெண்டு பேரும் ஒரே பூல் டேபிளில் இருப்போம். பந்து பாதி வழியில் நிற்கும், லைன் போயிருக்கும். அது பரவாயில்லை. பக்கத்தில் சின்ன சாட் பெட்டி இருக்குமே, அதில்தான் அத்தைக்குக் காய்ச்சல், கொழுந்து வரத்து குறைவு, மாமா திட்டினார் என்று எல்லாச் செய்தியும் வரும். எஸ்டிடி பூத்தில் மீட்டரைப் பார்த்துக்கொண்டு பேசியதைவிட அதிகம் பேசினோம். மாமா மாரடைப்பில் விழுந்த சேதி எனக்கு முதலில் தெரிந்தது ஒரு பூல் டேபிளில்தான்.

ஓரத்தில் அமெரிக்க வீட்டுக்கடன் விளம்பரம் ஓடும். எங்களுக்கு எதற்கு அது? ஆனால் தலை எண்ணியாகிவிட்டது. ஆட்டம் ஓசி, கணக்கு விளம்பரக்காரன் பேரில்.

அரசாங்கமும் அப்போது வாசல் திறந்தது. 2001-ல் ஐடி அட் ஸ்கூல் திட்டம் வந்து பள்ளிக்கூடங்களுக்குக் கம்ப்யூட்டர் போனது. 2002 நவம்பர் 18-ல் அப்துல் கலாம் மலப்புறத்தில் அக்‌ஷயா திட்டத்தைத் தொடங்கிவைத்தார், வீட்டுக்கு ஒருத்தராவது கம்ப்யூட்டர் பழகணும் என்று. 2015 ஜனவரியில் தேசிய ஆப்டிக் ஃபைபர் வலையில் இணைந்த நாட்டின் முதல் மாவட்டம் என்று இடுக்கியை அறிவித்தார்கள். இந்த வாசல்களின் செலவு வரிப்பணத்தில். யார் பேரில் கணக்கு என்பது எல்லாருக்கும் தெரியும்.

2006-ல் லீவுக்குப் போனபோது அக்கா பையனுக்கு ஏழு வயது. மினிக்ளிப் மாதிரித் தளங்களில் ஃப்ளாஷ் ஆட்டங்கள் குவிந்துகிடந்தன. அந்த வருஷம்தான் அனில் அம்பானி குழுமம் ஸாபக் என்று ஒரு தளம் ஆரம்பித்தது. என் மடி, என் லேப்டாப், அவன் சிரிப்பு. மேலே எழுதினேனே, அந்த 'ஃப்ரீ' அன்றைக்குச் சொன்னது.

கணக்கு மாறியது 2009-ல். அந்த ஜூனில் ஃபேஸ்புக்கில் ஃபார்ம்வில் வந்தது. அடுத்த வருஷம் மாசத்துக்கு 8 கோடி பேர் விளையாடினார்கள். டீ எஸ்டேட்டில் பிறந்த என் மாமா பையன் ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து திரையில் ஸ்ட்ராபெரி பறித்தான்! நேரத்துக்குப் பறிக்காவிட்டால் பயிர் வாடிவிடும். வாடாமல் இருக்க, சீக்கிரம் விளைய, காசு கொடுக்கலாம். விளம்பரக்காரன் பேரிலிருந்த கணக்கு விளையாடுகிறவன் பேருக்கு மாறத் தொடங்கியது அங்கேதான். நூறு பேரில் சிலர் கொடுத்தாலே போதும்.

2016-ல் ஏப்ரலில் யுபிஐ, செப்டம்பரில் ஜியோ. டேட்டாவும் மலிவு, பணம் அனுப்புவதும் விரல் நுனியில். ரம்மி திறமை ஆட்டம் என்று 1968-லேயே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருந்தது. அந்தக் கதவு வழியாகப் பண ஆட்டக் கம்பெனிகள் உள்ளே வந்தன. சேர்ந்தவுடன் போனஸ் ஃப்ரீ. அப்புறம் நூறு, இருநூறு.

சட்டமும் எல்லைக்கு எல்லை தடுமாறியது. 2021 பிப்ரவரியில் கேரள அரசு காசு வைத்து ஆடும் ஆன்லைன் ரம்மியைத் தடுத்தது, செப்டம்பரில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு தனிச் சட்டம் போட்டது, நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் தடையிலிருந்து எடுத்தது. நடுவில் ஏழு மாசம் வேலந்தாவளத்தில் எல்லைக்கு அந்தப் பக்கம் குற்றம், இந்தப் பக்கம் குற்றமில்லை. 2025 ஆகஸ்ட் 22-ல் ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டம் காசு வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்தது. விளம்பரத்துக்கும், பேங்க் வழியாகப் பணம் போவதற்கும் சேர்த்துத் தடை. பேங்க்காரனாகச் சொல்கிறேன், அந்தக் கடைசி வரிதான் பல்.

எங்க பையனுக்கு அது தாமதம். சம்பளம் போக, கூட வேலை செய்கிறவர்களிடம் 72,000 கடன். நான் கட்டிவிட்டிருக்கலாம். அக்கா வேண்டாம் என்றாள். "அவன் கட்டட்டும் தம்பி. நீ கட்டினா அதுவும் அவனுக்கு ஃப்ரீதானே." மாசம் 6,000 என்று பட்டியல் போட்டோம். 2025 டிசம்பரில் கடைசித் தவணை முடிந்தது.

வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊருக்குப் பணம் அனுப்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பணம் போய்ச் சேர்ந்ததா என்று மட்டும் கேட்காதீர்கள். வருஷத்துக்கு ஒரு தடவையாவது வீட்டாரோடு உட்கார்ந்து ஸ்டேட்மெண்ட்டைப் பாருங்கள். பெரிய தொகையைத் தேடவேண்டாம். திரும்பத் திரும்ப வருகிற சின்னத் தொகையைத் தேடுங்கள்.

பழைய ஓசி ஆட்டங்கள் இன்று இல்லை. யாஹூ கேம்ஸை 2016-ல் மூடினார்கள். 2020 டிசம்பர் 31-ல் ஃப்ளாஷும், அதோடு பழைய ஃபார்ம்வில்லும் போயின. நாங்கள் அடித்த பந்துகளும், அந்தச் சாட் பெட்டியில் பேசியதும் எங்கேயும் மிச்சமில்லை.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் மஸ்கட்டிலிருந்து நான், மூணாறிலிருந்து மாமா பையன், கஞ்சிக்கோட்டிலிருந்து இவன், மூன்று பேரும் மாற்றி மாற்றி செஸ் ஆடுகிறோம். லிசெஸ் என்ற தளம். விளம்பரம் கிடையாது, கட்டணம் கிடையாது. முதல் நாள் லிங்க் அனுப்பியதும் பையன் ஆட்டத்தைத் தொடவில்லை. ஒரு கேள்வி அனுப்பினான்.

"மாமா, இது யார் காசுல ஓடுது?"

நன்கொடையில் ஓடுகிறது, செலவுக் கணக்கை எல்லாரும் பார்க்க வெளியே வைத்திருக்கிறார்கள் என்று காட்டினேன். பார்த்துவிட்டுத்தான் முதல் காயை நகர்த்தினான்.

2002-ல் முப்பது ரூபாய் கொடுத்து உட்கார்ந்த அன்றைக்கே நான் கேட்டிருக்கவேண்டிய கேள்வி அது.