தலைக்கு ஒன்று, உடம்புக்கு ஒன்று

ஷாம்புவும் பாடி வாஷும் வேறு வேறா, ஒன்றின் வேலையை மற்றது செய்யாதா என்ற கேள்விக்கு இரண்டு பதில்கள் புழக்கத்தில் இருக்கின்றன. எல்லாம் ஒரே சரக்கு, பாட்டில்தான் வேறு என்கிறது ஒன்று. முடியின் தேவை வேறு, தோலின் தேவை வேறு, மாற்றினால் கெடும் என்கிறது மற்றது. முதல் பதில் விற்பவர் மீதுள்ள சந்தேகத்தில் பிறந்தது. இரண்டாவது பதில் விற்பவரே சொல்வது. குளியல் பொருள்கள் கடந்துவந்த வழியைப் பார்த்தால் இரண்டிலும் பாதி உண்மைதான் இருக்கிறது. தலைக்கென்று தனிப்பொருள் தோன்றியதற்கு உண்மையான காரணம் இருந்தது. அது இன்றும் இருக்கிறது. உடம்புக்கென்று தனித் திரவம் தோன்றியதற்கு அப்படிப்பட்ட காரணம் இல்லை. அதனால் தலைக்கு வைப்பதை உடம்புக்குத் தாராளமாக வைக்கலாம். உடம்புக்கு வைப்பதை எல்லார் தலைக்கும் வைக்க முடியாது. இந்த முடிவுக்குச் சாட்சி சொல்பவை சீயக்காயும் சோப்பும் ஷாம்பு பாக்கெட்டும்தான்.

தமிழ்நாட்டு எண்ணெய்க் குளியலை எடுத்துக்கொள்வோம். நல்லெண்ணெயைத் தலையிலும் உடம்பிலும் தேய்த்து ஊறவிட்ட பிறகு அதை எடுத்தாக வேண்டும். வெறும் தண்ணீருக்கு எண்ணெய் போகாது. அதை எடுக்க உதவியவை சபோனின் என்ற நுரைக்கும் பொருளைக் கொண்ட தாவரங்கள். சீயக்காயும் பூந்திக்கொட்டையும் அப்படிப்பட்டவை. கொங்குப் பகுதியில் உசில மரத்து இலையை உலர்த்தி இடித்த அரப்பும் அப்படியே. உடம்புக்குப் பயத்தம் மாவு, கடலை மாவு, விசேஷ நாள்களில் பூலாங்கிழங்கும் கஸ்தூரி மஞ்சளும் கார்போக அரிசியும் சேர்ந்த நலங்கு மாவு. இந்தப் பட்டியலை மட்டும் பார்த்தால் தலைக்கும் உடம்புக்கும் இடையே அன்றே கோடு போட்டுவிட்டார்கள் என்று தோன்றும். புழக்கத்தில் அந்தக் கோடு இறுக்கமாக இல்லை. எண்ணெய் தேய்த்த நாளில் சீயக்காயோ அரப்போ தலையோடு நின்றுவிடவில்லை. முதுகு, கை, கால் என்று உடம்பிலுள்ள எண்ணெயையும் அதுவே எடுத்தது. பயறும் சீயக்காயோடு சேர்ந்து அரைபட்டுத் தலைக்குப் போனது. எண்ணெயையும் அழுக்கையும் எடுப்பது மட்டுமே வேலை என்றால், இரண்டு இடத்துக்கும் ஒரே பொடி போதுமானதாக இருந்தது.

தலைக்கென்றே சேர்த்தவை வேறு. சீயக்காய்ப் பொடியைச் சோறு வடித்த கஞ்சியில் கரைத்தார்கள். அரைக்கும்போது வெந்தயம் சேர்த்தார்கள். செம்பருத்தி இலையைக் கசக்கி அதன் வழவழப்பைக் கலந்தார்கள். இவற்றின் முதல் வேலை எண்ணெயை எடுப்பது அல்ல. கஞ்சியின் மாவுச்சத்தும் வெந்தயத்தின் கொழகொழப்பும் முடிமேல் மெல்லிய படலமாகப் படிந்து, இழையோடு இழை உரசிச் சிக்காகாமல் வழுக்கச் செய்தன. உடம்புக்கு இந்தத் தேவை கிடையாது. இதைச் சின்னக் கணக்கு ஒன்று தெளிவாக்கும். மனிதத் தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடிகள் இருக்கின்றன. ஒரு முடியின் பருமன் 0.07 மில்லிமீட்டர், நீளம் 30 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் அத்தனை முடியின் மேற்பரப்பும் சேர்ந்து ஆறு சதுர மீட்டரைத் தாண்டும். பெரியவர் ஒருவரின் தோல் முழுவதும் இரண்டு சதுர மீட்டருக்குள்தான். தோல் உயிருள்ளது, தன்மேல் பட்ட கேட்டைச் சில நாளில் தானே சரிசெய்துகொள்ளும். முடி உயிரற்ற இழை. அதன் வெளிச்செதில் ஒருமுறை பெயர்ந்தால் திரும்ப வளராது. ஆகவே தலைக்குப் போடும் பொருளுக்கு இரண்டு கடமைகள்: அழுக்கை எடுப்பது ஒன்று, எடுத்த பிறகு முடியைக் காக்க எதையாவது விட்டுச்செல்வது இன்னொன்று. உடம்புக்குப் பெரும்பாலும் முதல் கடமையே போதும்.

இந்த வேறுபாட்டை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது சோப்பு. 1888இல் லீவர் சகோதரர்களின் சன்லைட் சோப்பு கல்கத்தா துறைமுகத்தில் வந்திறங்கியது. 1895இல் லைஃப்பாய் வந்தது. விலங்குக் கொழுப்புச் சேர்ந்த பொருளை உடம்பில் தேய்ப்பதா என்று பலர் தயங்கினார்கள். தாவர எண்ணெயில் செய்த கோத்ரெஜ் போன்ற சுதேசிச் சோப்புகள் அந்தத் தயக்கத்தைப் போக்கின. முதல் உலகப்போரால் ஐரோப்பாவுக்குச் சந்தனக்கட்டை அனுப்புவது தடைப்பட்டபோது மைசூர் சமஸ்தானம் சந்தன எண்ணெயைத் தன் ஊரிலேயே வடிக்க ஆரம்பித்தது. மைசூர் சாண்டல் சோப்பு அதன் விளைவு. இப்படி வந்த சோப்பு, அன்றாடக் குளியலிலிருந்து பயத்தம் மாவை மெல்ல ஒதுக்கி நலங்குச் சடங்குக்கும் பண்டிகைக்கும் உரியதாக்கிவிட்டது. தலையில் மட்டும் சீயக்காயும் அரப்பும் அசையவில்லை. குளியலறை மாடத்தில் சோப்பு எந்நேரமும் இருந்தது. சீயக்காயையோ வாங்கி, வெயிலில் காயவைத்து, மில்லில் கொடுத்து அரைக்க வேண்டும். அவ்வளவு சிரமம் இருந்தும் கைக்கெட்டிய சோப்பைப் பெரும்பாலான வீடுகள் தலைக்குத் தேர்ந்தெடுக்கவில்லை. இதை வெறும் பழக்கம் என்று தள்ளிவிட முடியாது. உடம்பு விஷயத்தில் அதே வீடுகள் பழக்கத்தை எளிதாகக் கைவிட்டிருந்தன.

சோப்பு தலையிடம் தோற்றதற்கு இரண்டு காரணங்கள். சோப்புக் கரைசல் காரத்தன்மை உடையது. அதன் பிஎச் அளவு 9க்கும் 10க்கும் அருகில் நிற்கும். காரம் பட்டால் முடியின் வெளிச்செதில்கள் விரிந்து ஒன்றையொன்று பற்றும். முடி சொரசொரக்கும், சிக்கு விழும். இரண்டாவது காரணம் தண்ணீர். கால்சியமும் மெக்னீசியமும் கலந்த கடின நீரில் சோப்பு கரையாத பிசுக்காக மாறிப் படியும். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் அளவுகோல், குடிநீரில் லிட்டருக்கு 200 மில்லிகிராம் கடினத்தன்மையை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை அனுமதிக்கிறது. தமிழ்நாட்டில் ஆழ்துளைக் கிணற்று உப்புத்தண்ணீரில் குளிப்பவர்களுக்கு இந்த எண்களின் பொருள் நன்றாகவே தெரியும். தோலில் படியும் பிசுக்கைக் கையால் தேய்த்துத் தள்ளிவிடலாம். ஆறு சதுர மீட்டர் முடியில் படிந்ததைத் தேய்க்க வழியில்லை. சீயக்காய்க்கு இந்த இரண்டு குறையும் இல்லை. அதன் கரைசல் சற்றே புளிப்பானது. சபோனின் கடின நீரில் சோப்பைப்போலத் திரிவதில்லை. சோப்பையே தலைக்குப் போட்டுவந்த ஐரோப்பியப் பெண்கள் கடைசியில் வினிகரோ எலுமிச்சைச் சாறோ விட்டு அலசியதும் இந்தப் பிசுக்கைக் கரைக்கத்தான்.

மேற்கே ஷாம்பு பிறந்தது இந்தத் தோல்வியிலிருந்து. பெர்லினில் ஹான்ஸ் ஷ்வார்ஸ்கோஃப் 1903இல் தலைக்கென்று பொடி விற்றார். அது சோப்பின் வழியில் வந்த காரப்பொடிதான். காரமில்லாத ஷாம்புவை அவர் பெயரால் நடந்த நிறுவனம் 1933இல்தான் கொண்டுவந்தது. இதற்கிடையில், முதல் உலகப்போரில் கொழுப்புக்குத் தட்டுப்பாடு வந்த ஜெர்மனியில் சோப்புக்கு மாற்றான செயற்கை நுரைப்பொருள்களின் ஆராய்ச்சி வளர்ந்திருந்தது. அங்கிருந்து உரிமம் பெற்ற அமெரிக்காவின் பிராக்டர் அண்ட் கேம்பிள் 1934இல் ட்ரீன் என்ற ஷாம்புவை வெளியிட்டது. சோப்பே இல்லாத அந்த ஷாம்பு கடின நீரிலும் நுரைத்தது, பிசுக்கு விடவில்லை. ஆனால் அது முடியின் இயல்பான எண்ணெயையும் சேர்த்து எடுத்து முடியை வறட்சியாக்கியது. முதல் கடமையை மிகையாகச் செய்து, இரண்டாவதைச் செய்யாமல் விட்ட பொருள் அது. அடுத்த ஐம்பது ஆண்டு ஷாம்புத் தொழிலின் உழைப்பில் பெரும்பகுதி அந்த இரண்டாவது கடமையின் மேல்தான் குவிந்தது. தண்ணீரில் நனைந்த முடிக்கு எதிர்மின் தன்மை உண்டு. நேர்மின் தன்மையுள்ள பாலிமர்களைக் கலந்தால் அலசும்போது அவை முடியில் ஒட்டிக்கொள்ளும். பின்னர் சிலிக்கான் சேர்ந்தது. 1987இல் வந்த பெர்ட் பிளஸ், ஷாம்புவையும் கண்டிஷனரையும் ஒரே பாட்டிலில் அடைத்துப் பெரிய அளவில் விற்றது. கஞ்சியும் வெந்தயமும் செய்த வேலையை ஆலை இப்படிச் செய்தது.

பாடி வாஷுக்கு இப்படிப் போராடிப் பிறந்த வரலாறு கிடையாது. சோப்பு உடம்பைக் கழுவுவதில் தோற்றுப்போகவில்லை. ஷாம்புவுக்காக வளர்ந்த நுரைப்பொருள்களும் பிளாஸ்டிக் பாட்டிலும் ஷவர் குளியலும் ஒன்றுசேர்ந்த 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அதே திரவம் கழுத்துக்குக் கீழே இறங்கியது. இரண்டு பாட்டில்களின் பின்புறத்தையும் படித்தால் இந்த உறவு தெரியும்: தண்ணீர், சோடியம் லாரத் சல்பேட், கோகமிடோப்ரோப்பைல் பீட்டைன், உப்பு, வாசனை என்ற வரிசை பல தயாரிப்புகளில் பொதுவானது. பாடி வாஷில் கிளிசரினோ எண்ணெயோ கூடும். ஷாம்புவில் பாலிமரும் சிலிக்கானும் கூடும். பாடி வாஷின் நன்மையை மறுக்க வேண்டியதில்லை. வறண்ட தோலுக்கும் கரப்பான் உள்ள தோலுக்கும் காரச் சோப்பைவிடக் காரமற்ற நுரைப்பொருள் மென்மையானது. அந்த மென்மையைக் கட்டியாகவே தர முடியும் என்று 1957இல் வந்த டவ் காட்டியது. ஆகவே அந்த நன்மை சோப்போடு ஒப்பிடும்போது வருவது. ஷாம்புவோடு ஒப்பிட்டால் பாடி வாஷுக்குத் தனிச்சிறப்பு என்று சொல்ல மிகக் கொஞ்சமே மிஞ்சும்.

தமிழ்நாட்டுச் சந்தை இதற்கு இன்னொரு சான்று. பாட்டில் ஷாம்பு நீண்டகாலம் வசதி படைத்தவர்களின் பொருளாகவே இருந்தது. கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன், திரவங்களைச் சிறு பாக்கெட்டில் அடைத்து விற்கும் வழியைக் கண்டார். அவர் குடும்பத்திலிருந்து வெல்வெட் ஷாம்பு வந்தது. மகன்களில் ஒருவரான சி.கே. ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாய் முதலில் தனியே தொடங்கிய சிக் ஷாம்பு, சில்லறைக் காசுக்குப் பெட்டிக்கடையில் தொங்கியது. சோப்பால் அசைக்க முடியாத சீயக்காயை அந்த பாக்கெட் அன்றாடத்திலிருந்து ஒதுக்கியது. வேலைக்கும் பள்ளிக்கும் ஓடும் காலையில், கரைக்கவும் வேண்டாம், முடியில் சிக்கிய தூளை அலசித் தீர்க்கவும் வேண்டாம் என்ற வசதி பெரிது. கவனிக்க வேண்டியது அதே குடும்பங்கள் உடம்புக்கு என்ன செய்தன என்பதுதான். அவை சோப்புக்கட்டியோடு நின்றன. பெரும்பாலான வீடுகள் இன்றும் நிற்கின்றன. காசை எண்ணிச் செலவழித்த மக்கள் தலைக்குப் புதுப்பொருளை உடனே ஏற்று, உடம்புக்கு ஏற்காதது தற்செயல் அல்ல. அவர்கள் கை எங்கே தேவை இருந்ததோ அங்கே போனது.

இதற்கு மறுப்புகள் உண்டு. உச்சந்தலைக்கும் உடம்புத் தோலுக்கும் பிஎச் வேறு, அதனால் கலக்கக்கூடாது என்பார்கள். சோப்பைப் பற்றி இந்த வாதம் பொருந்தும். இன்றைய ஷாம்புவும் பாடி வாஷும் பெரும்பாலும் இலேசான அமிலப் பக்கத்தில் அருகருகே நிற்பதால் இங்கே அதற்கு வலுவில்லை. ஷாம்பு உடம்புக்கு ஆகாது என்பவர்களுக்குத் தோல் மருத்துவமே பதில் சொல்கிறது: மார்பிலும் முதுகிலும் தேமல் வந்தவர்களுக்குக் கீட்டோகோனசோல் ஷாம்புவை உடம்பில் தடவிக் கழுவச் சொல்வது வழக்கமான சிகிச்சை. குழந்தைகளுக்குத் தலையிலிருந்து கால்வரை ஒரே திரவம் விற்கப்படுகிறது. எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் மறுப்பு இன்னும் வலுவானது. தலைக்கும் உடம்புக்கும் ஒன்றே என்று விற்கும் திரவங்கள் ஓடுகின்றனவே, பிறகு தலைக்கு மட்டும் என்ன தனிச்சலுகை என்று கேட்கலாம். அவற்றை ஆண்களுக்கென்றே அதிகம் விளம்பரப்படுத்துவதில் விடை இருக்கிறது. இரண்டு சென்டிமீட்டர் முடியில் சிக்கு விழ இடமில்லை. சேதமான நுனி அடுத்த முடிவெட்டில் போய்விடும். இடுப்புவரை பின்னல் போடுபவரின் முடிநுனி பல ஆண்டுக் குளியலைத் தாங்கியது. முன்னோர் பிரித்துவைத்ததால் பிரிவே சரி என்ற வாதமும் நிற்காது. அவர்கள் பிரித்தது கஞ்சியையும் வெந்தயத்தையும்தான். எண்ணெய் எடுக்கும் பொடியை இரண்டு இடத்துக்கும் புழங்கினார்கள்.

எச்சரிக்கைகள் சில உண்டு. முதுகில் பரு வருபவர்கள் கண்டிஷனர் மிகுந்த ஷாம்பு முதுகில் தங்கிவிடாமல் நன்றாக அலச வேண்டும். மருந்து கலந்த ஷாம்புவைக் காரணமில்லாமல் உடம்பு முழுதும் நாள்தோறும் பூச வேண்டியதில்லை. இவற்றை விலக்கிவிட்டுப் பார்த்தால் வீட்டுச் செலவுக்கும் இந்த வரலாறு வழிசொல்கிறது. நீளமுடி உள்ளவர் இருக்கும் வீட்டில் தலைக்கு நல்ல பொருளை வாங்குவது வீண் செலவில்லை. சீயக்காய் வைத்தாலும் கஞ்சியோ வெந்தயமோ சேர்த்து வைப்பது நல்லது. உடம்புக்குத் தனிப் பாட்டில் என்பது வாசனைக்கும் வசதிக்கும் கொடுக்கும் விலை; விருப்பமிருந்தால் கொடுக்கலாம், கட்டாயம் என்று நினைத்துக் கொடுக்க வேண்டாம். பாடி வாஷ் தீர்ந்த அன்று ஷாம்புவால் உடம்பைக் கழுவத் தயங்க வேண்டியதில்லை. ஷாம்பு தீர்ந்த அன்று பாடி வாஷைத் தலைக்கு எடுக்கும் முன் முடியின் நீளத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.