பள்ளிக்கு மானியம், பிள்ளைக்கு உதவித்தொகை

வடசென்னையின் கொருக்குப்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை ஆகியவை பக்கிங்காம் கால்வாயையும் ரயில் பாதைகளையும் ஒட்டி உழைப்பாளர் குடியிருப்புகளாக வளர்ந்தவை. இத்தகைய பகுதிகளுக்குக் கல்வியின் பேரில் அரசுப் பணம் இரண்டு வழிகளில் வந்திருக்கிறது: பள்ளி, கல்லூரி நிர்வாகங்களுக்கு அளிக்கப்படும் மானியம் ஒன்று, மாணவரின் பெயரில் வழங்கப்படும் உதவித்தொகை மற்றொன்று. இரண்டும் திருப்பிச் செலுத்த வேண்டாதவை என்பதால் பேச்சுவழக்கில் ஒன்றாகவே கருதப்படுகின்றன. ஆனால் விண்ணப்பிப்பவர் யார், அவர் எதை நிரூபிக்க வேண்டும் என்று கேட்டால் இரண்டும் வெவ்வேறு வரலாறு உடையவை என்பது புலப்படும்.

இரண்டுக்கும் அடிப்படை 1854ஆம் ஆண்டின் உட்ஸ் அறிக்கை. தனியாரும் சமயச் சபைகளும் நடத்தும் பள்ளிகளுக்கு அரசு மானியம் தரலாம் என்று கூறிய அவ்வறிக்கை, பொறுப்பான உள்ளூர் நிர்வாகம், அரசின் ஆய்வுக்கு உட்படுதல், மாணவரிடம் சிறிதளவேனும் கட்டணம் பெறுதல் ஆகியவற்றை நிபந்தனைகளாக்கியது. கீழ்நிலைப் பள்ளியில் சிறந்து விளங்குவோர் மேல்நிலைக்குச் செல்ல உதவித்தொகை வழங்கவும் அதுவே பரிந்துரைத்தது. ஆக, மானியம் பள்ளிகளைப் பெருக்கக் கருதியது, உதவித்தொகை ஒருசிலரை மேலேற்றக் கருதியது. கட்டணம் கட்ட வழியில்லாத, தேர்வில் முதலிடமும் பெறாத சராசரிக் கூலித் தொழிலாளியின் பிள்ளை இவ்விரண்டுக்கும் நடுவே விடுபட்டது.

சென்னை மாகாணத்தில் 1855இல் பொதுக் கல்வித் துறை தொடங்கப்பட்டு, அலெக்சாண்டர் ஆர்பத்நாட் அதன் முதல் இயக்குநரானார். ஆசிரியரின் ஊதியத்தில் ஒரு பங்கை அரசு ஏற்கும் சம்பள மானியத்தோடு, பின்னர் தேர்ச்சி மானியம் என்ற முறையும் வந்தது. ஆய்வாளர் பள்ளிக்கு வந்து பிள்ளைகளை வாசிக்கச் சொல்லியும் எழுதச் சொல்லியும் கணக்குப் போடச் சொல்லியும் சோதிப்பார். தேறியவர்களின் எண்ணிக்கைக்கேற்ப ஆசிரியருக்குப் பணம் கிடைக்கும். திண்ணைப் பள்ளி ஆசிரியர் பலர் அரசின் கண்காணிப்புக்குள் வந்தது இந்த வருமானத்துக்காகத்தான். ஆய்வு நாளில் ஒரு பிள்ளை தடுமாறினால் இழப்பு ஆசிரியருக்கு என்பதால், மனப்பாடம் ஓங்கியது என்பது இம்முறையின் மீது எழுந்த நியாயமான குற்றச்சாட்டு. கர்சன் காலத்து 1904ஆம் ஆண்டின் கல்விக் கொள்கைத் தீர்மானத்துக்குப் பிறகு அது கைவிடப்பட்டது. எனினும் ஒன்றைச் சொல்ல வேண்டும்: அந்நாளில் சோதனைக்கு உள்ளானது பள்ளிதான்; பிள்ளையின் வீட்டுக்கு வருமானம் எவ்வளவு என்று ஆய்வாளர் கேட்கவில்லை.

பள்ளி இருந்தும் பிள்ளைகள் வராததற்குப் பசி காரணம் என்று கண்டவர், வண்ணாரப்பேட்டையோடு தொழிலாலும் வாழ்வாலும் பிணைந்திருந்த பிட்டி தியாகராயர். அவர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி, மாணவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேற்படாத செலவில் மதிய உணவு வழங்க 1920 செப்டம்பரில் தீர்மானித்தது. ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கி வேறு சில பள்ளிகளுக்கும் பரவிய அத்திட்டம், தொடக்கக் கல்வி நிதியிலிருந்து அச்செலவைச் செய்ய அரசு ஒப்பாததால் 1925இல் நின்றது. ஆசிரியர் ஊதியம் கல்விச் செலவாகவும் பிள்ளையின் சோறு கல்விக்குப் புறம்பான செலவாகவும் கணக்கில் பிரிக்கப்பட்டிருந்தன.

மாணவரை நேரடியாகச் சேரும் பணம் கொள்கையளவில் வலுப்பெற்றது 1940களில்தான். வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராயிருந்த அம்பேத்கர் 1942இல் அளித்த கோரிக்கை மனுவில், பனாரஸ், அலிகார் பல்கலைக்கழகங்களுக்கு அரசு மானியம் தருவதைச் சுட்டிக்காட்டி, பட்டியல் சாதி மாணவர்களின் உயர்கல்விக்கும் நிதி ஒதுக்கும்படி கேட்டார். அம்மாணவர்களிடம் மானியம் பெறுவதற்கெனத் தனிப் பல்கலைக்கழகம் இல்லை. ஆகவே பணம் மாணவரைத் தேடித்தான் வர வேண்டியிருந்தது. மெட்ரிக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகைத் திட்டம் 1944இல் தொடங்கியது.

தியாகராயரின் பெயரில் பழைய வண்ணாரப்பேட்டையில் 1950இல் எழுந்த கல்லூரி, அரசு உதவி பெறும் கல்லூரிகளில் ஒன்று. அதாவது, அனுமதிக்கப்பட்ட பணியிடங்களின் ஊதியத்தை அரசே ஏற்பதால் மாணவர் கட்டணம் குறைவாக இருக்கும் கல்லூரி. இங்கே மாணவர் எந்த மனுவும் எழுதாமலேயே மானியத்தின் பயனை அடைந்துவிடுகிறார். 1980களின் நடுவிலிருந்து தமிழகத்தில் மானியமில்லாத சுயநிதிக் கல்லூரிகள் பெருகியபோது, அவற்றின் கட்டணச் சுமையைத் தாங்கும் வேலை உதவித்தொகையின் மேல் விழுந்தது. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரி சான்றிதழ், ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு என்று நிரூபிக்கும் பொறுப்பு வீட்டுக்கு வந்தது. மாதச் சம்பளச் சீட்டே இல்லாத சுமைத் தொழிலாளி, தம் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்கு மேற்படவில்லை என்பதை வட்டாட்சியர் அலுவலகத்தின் வழியே எழுத்தில் பெற்றாக வேண்டும். 2020 டிசம்பரில் மத்திய அரசு மெட்ரிக்குப் பிந்தைய உதவித்தொகைத் திட்டத்தைத் திருத்தி, தன் பங்கை மாணவரின் கணக்கிலேயே செலுத்த முடிவு செய்தபின், பணத்துக்காகக் காத்திருப்பதும் கல்லூரிக்குப் பதில் சொல்வதும் மாணவரின் பாடாயிற்று.

அண்மைக்காலத்தில் இரண்டு வழிகளும் ஓரிடத்தில் சந்தித்தன. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்து உயர்கல்வியில் சேரும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம், 2022 செப்டம்பர் 5 அன்று வடசென்னையின் பாரதி மகளிர் கல்லூரியில் தொடங்கப்பட்டது. உதவித்தொகைக்குத் தகுதி படித்த பள்ளி எது என்பதாகிவிட்டதால், மானியத்தில் இயங்கும் உதவி பெறும் பள்ளிகளின் மாணவியர், அதே தெருவில் வசித்தாலும், முதலில் விடுபட்டனர். 2024இல் திட்டம் அவர்களுக்கும் விரிந்தது, ஆனால் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மட்டும். அப்பள்ளிகளின் ஆங்கில வழிப் பிரிவில் படித்தோர் வரம்புக்கு வெளியே நின்றனர்.