கரும்பலகை முதல் தொடுதிரைப் பலகை வரை

பலர் கூடிச் சிந்திக்குமிடத்தில், எல்லோரும் காணும்படி எழுதுவதற்கு ஒரு பொதுப்பரப்பு வேண்டும். அத்தேவையை முதலில் நிறைவேற்றியது கரும்பலகை. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடின்பரோ உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஜேம்ஸ் பில்லன்ஸ், வண்ணச் சுண்ணக்கட்டிகளால் கரும்பலகையில் படம் வரைந்து பூகோளம் கற்பித்தார். பள்ளியில் வேரூன்றிய பலகை, காலப்போக்கில் அலுவலகக் கூட்ட அறைகளிலும் இடம்பெற்றது.

ஆனால், பலகையின் வரலாறு ஒரு கருவியின் வரலாறு மட்டுமன்று. அதன்முன் நிற்க யாருக்கு உரிமை இருந்தது என்பதன் வரலாறும் ஆகும். பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் அண்ணல் அம்பேத்கர் பயின்றபோது நிகழ்ந்த ஒன்றை, அவருடைய வாழ்க்கை வரலாற்றாசிரியர் தனஞ்சய் கீர் பதிவு செய்துள்ளார். ஆசிரியர் அவரைக் கரும்பலகைக்கு அழைத்தார். உடனே சாதி இந்து மாணவர்கள் கூச்சலிட்டு ஓடி, பலகைக்குப் பின்னால் வைத்திருந்த தங்கள் உணவுப் பாத்திரங்களை அப்புறப்படுத்தினர். அவர் கை பலகையில் பட்டால் அவர்கள் உணவுக்குத் தீட்டாம்! அந்தக் கையே பிற்காலத்தில் இந்திய அரசியலமைப்பின் வரைவுக்குழுவுக்குத் தலைமை தாங்கி எழுதியது.

கரும்பலகைக்கு வேறு குறைகளும் உண்டு. இடம் சிறிது, அழித்தது மீளாது, எழுதியதை எடுத்துச் செல்லவும் இயலாது. இக்குறைகளைப் போக்க, அமெரிக்காவின் பாலோ ஆல்ட்டோ நகரில் ஜெராக்ஸ் ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானிகள் 'கோலாப்' என்னும் கூட்ட அறையை அமைத்து, 1987-ல் அதுபற்றிக் கட்டுரை வெளியிட்டனர். உறுப்பினர்களின் கணிப்பொறிகள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டிருந்தன. முன்னே தொடுவுணர்வுள்ள பெருந்திரை ஒன்று நின்றது.

1991-ல் கனடாவின் கால்கரி நகரத்தவரான டேவிட் மார்ட்டினும் நான்சி நோல்ட்டனும் 'ஸ்மார்ட் போர்டு' என்னும் பலகையை விற்பனைக்குக் கொணர்ந்தனர். அதன் பரப்பில் இரு மெல்லிய ஏடுகள் சிறு இடைவெளியுடன் அமைந்திருக்கும். விரல் அழுத்துமிடத்தில் அவை ஒன்றையொன்று தொடும். அவ்விடத்தைக் கணிப்பொறி அறிந்துகொள்ளும். வேறு வகைப் பலகைகளில், சட்டத்தின் ஓரங்களிலிருந்து அகச்சிவப்புக் கதிர்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பாயும். விரல் மறைக்கும் கதிர்களைக் கொண்டு இடம் கணிக்கப்படும். எழுதியவற்றைச் சேமித்து வைக்கலாம். இணையத்தின் வழியே வேற்றூரில் இருப்போரும் அதே பலகையில் எழுதலாம்.

கருவிகள் மாறிக்கொண்டே இருக்கும். கூகிள் நிறுவனம் 2017-ல் விற்பனைக்குக் கொணர்ந்த 'ஜாம்போர்டு' 2024-ல் நிறுத்தப்பட்டது. ஆகவே, ஒரு கருவியைக் கற்பதோடு நில்லாமல், பலர்முன் எழுந்து நின்று எழுதும் துணிவைப் பெறுதல் வேண்டும். எத்தனையோ ஆண்டுகள் சுண்ணக்கட்டி பிடித்தவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன்: பலகைமுன் வந்து தவறாக எழுதித் திருத்திக்கொண்ட பிள்ளை முன்னேறியது, கடைசி வரிசையில் அமர்ந்து பார்த்தெழுதிய பிள்ளை பின்தங்கியது.

கூட்டத்தில் எழுதுகோல் யார் கையில் உள்ளதோ, அவர் குறிப்பதே முடிவாக நிலைக்கிறது. நம் இளைஞர்கள் நாளை பெரிய அலுவலகங்களின் கூட்ட அறைகளில் அமர்வார்கள். அங்கே அவர்கள் வெறும் பார்வையாளராக இருத்தல் கூடாது. அதற்கான பயிற்சிக்கு விலையுயர்ந்த திரை தேவையில்லை. நம் சங்கக் கூட்டங்களிலேயே ஒரு சாதாரணக் கரும்பலகையை நிறுத்தி, மாதம் ஒரு மாணவரையோ மாணவியையோ எழுத அழைப்போம்.

தொட்டால் தீட்டு என்றனர் அன்று. தொட்டால்தான் இயங்குகிறது இன்றைய பலகை. இளைஞர்களே, தயங்காமல் எழுந்து சென்று எழுதுங்கள்!