முட்டிய மாடும் பாதி ஈடும்: பண்டைச் சட்ட மரபில் ரபிகளின் இடம்

பண்டை மேற்காசியச் சட்டங்களையும் யூத ரபிகளின் சட்டத்தையும் அருகருகே வைத்துப் படிப்போர் பெரும்பாலும் யாரிடமிருந்து யார் எடுத்தார் என்ற கேள்வியிலேயே நின்றுவிடுகிறார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் ஒரு விதி எங்கே பிறந்தது என்று தெரிந்துவிட்டால், பின்வந்தவர்கள் கையில் அது என்ன ஆயிற்று என்பதும் தெரிந்துவிட்டதாக எண்ணக்கூடாது. முட்டும் மாட்டின் வழக்கு இதற்குத் தக்க சான்று. ஏறத்தாழ 2,000 ஆண்டுகள் மேற்காசியச் சட்ட மரபில் தொடர்ந்து வந்த வழக்கு அது. ரபிகளின் தனித்தன்மை அவர்கள் இயற்றிய விதிகளைவிட, மாற்ற முடியாத பழைய விதியிடம் அவர்கள் காரணம் கேட்ட முறையிலேயே வெளிப்படுகிறது என்பதும், அம்முறையே தண்டிக்கும் அதிகாரம் கைவிட்டுப் போன பின்னும் அச்சட்டத்தை உயிரோடு வைத்திருந்தது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

1. ஒரே வழக்கு, மூன்று தொகுப்புகள்

பாக்தாத் அருகிலுள்ள டெல் ஹர்மலில் 1945, 1947 ஆண்டுகளில் நடந்த அகழாய்வில் இரண்டு களிமண் பலகைகள் கிடைத்தன. ஆல்பிரெக்ட் கோட்சே 1948இல் அவற்றைப் பதிப்பித்தார். அவற்றில் இருப்பவை கி.மு. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த எஷ்னுன்னா நாட்டுச் சட்டங்கள். ஒரு மாடு இன்னொரு மாட்டை முட்டிக் கொன்றால், உயிரோடுள்ள மாட்டின் விலையையும் செத்த மாட்டின் உடலையும் இருவரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்கிறது அதன் 53ஆம் விதி. அடுத்த விதி மனிதன் சாவதைப் பற்றியது. மாடு முட்டும் இயல்புடையது என்று ஊர் அதிகாரிகள் எச்சரித்தும் உரிமையாளர் அதைக் காவாமல் விட்டு, அது ஒருவரைக் கொன்றால், அவர் 40 சேக்கல் வெள்ளி கொடுக்க வேண்டும். செத்தவர் அடிமையானால் 15 சேக்கல் போதும்.

1901–02 குளிர்காலத்தில் சூசாவில் கண்டெடுக்கப்பட்டு, இன்று லூவர் அருங்காட்சியகத்தில் நிற்கும் பாபிலோன் அரசன் ஹம்முராபியின் சட்டக் கல்தூணும் இவ்வழக்கை அறியும். தெருவில் போகும்போது மாடு ஒருவரைக் கொன்றுவிட்டால் வழக்கே இல்லை. எச்சரிக்கை பெற்றும் உரிமையாளர் கொம்புக்குக் காப்பிடாமலும் மாட்டைக் கட்டாமலும் இருந்திருந்தால் அரை மினா வெள்ளி, அதாவது 30 சேக்கல்; அடிமைக்கு மூன்றில் ஒரு மினா. ஆனால் மாடு மாட்டைக் கொல்லும் வழக்கு ஹம்முராபியிடம் இல்லை.

அவ்வழக்கு விவிலியத்தின் யாத்திராகமம் 21ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அதுவும் எஷ்னுன்னா விதிக்கு மிக நெருங்கிய வடிவில். இவ்வதிகாரம் அடங்கிய உடன்படிக்கைச் சட்டங்கள் ஹம்முராபி தொகுப்பை நேரடியாகப் பின்பற்றியவை என்று டேவிட் ரைட் 2009இல் வாதிட்டார். ரேமண்ட் வெஸ்ட்புரூக், மேற்காசியா முழுவதற்கும் பொதுவான சட்ட மரபு ஒன்று இருந்ததென்று கருதினார். மாட்டை மாடு முட்டிய விதி ஹம்முராபியிடம் இல்லாததால், அந்தத் தூண் ஒன்றை மட்டும் மூலமாகக் காட்டி இந்த அதிகாரத்தை விளக்கிவிட முடியாது. பொது மரபு என்ற கருத்தே இங்கு வலுவாக நிற்கிறது.

வேறுபாடும் உண்டு. யாத்திராகமத்தில், மனிதனைக் கொன்ற மாடு கல்லெறிந்து கொல்லப்படுகிறது. அதன் இறைச்சியை உண்ணக்கூடாது. மெசொப்பொத்தேமியத் தொகுப்புகளில் மாட்டுக்குத் தண்டனையே இல்லை. மனித உயிர் பணத்தால் அளக்க முடியாதது என்ற கொள்கையை மோஷே கிரீன்பர்க் இதில் கண்டார். உயிர்களின் படிநிலையை மாடு குலைத்துவிட்டது என்ற பார்வையை ஜே.ஜே. ஃபிங்கல்ஸ்டைன் கண்டார். இருவரும் விளக்குவது விவிலிய விதியை. வழக்கின் வளமான பகுதி அதற்குப் பிறகுதான் வருகிறது.

2. கணக்கு பிழைக்கும் இடம்

உயிருள்ள மாட்டின் விலையையும் செத்ததையும் பாதிபாதியாகப் பங்கிடுவது நேர்மையாகத் தோன்றும். கணக்குப் போட்டால் குறை தெரியும். 50 சூஸ் (ரபிகள் கணக்கிட்ட வெள்ளி நாணயம்) விலையுள்ள மாடு 1,000 சூஸ் மாட்டைக் கொன்றது என்று கொள்வோம். செத்த உடல் 100 சூஸ் பெறும். விதியை எழுத்தளவில் பின்பற்றினால் ஆளுக்கு 75 சூஸ் கிடைக்கும். மாட்டைப் பறிகொடுத்தவருக்கு 925 சூஸ் நட்டம். முட்டிய மாட்டின் உரிமையாளருக்கோ 25 சூஸ் லாபம்! விலைகளை மாற்றிப் போட்டால், மாட்டை இழந்தவர் கொள்ளை லாபம் அடைவார். இரண்டு மாடுகளும் ஒரே விலையாக இருந்தால்தான் விதி நீதியாகச் செயல்படும்.

கி.பி. 200 அளவில் ரபி யூதா ஹநாசி தொகுத்த, ரபிகளின் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில், பாவா காமா என்னும் நூல் இந்தச் சிக்கலை நேருக்கு நேர் எடுத்துக்கொள்கிறது. 200 சூஸ் மாடு இன்னொரு 200 சூஸ் மாட்டைக் கொன்றது, உடலுக்கு விலையே இல்லை. யாத்திராகமம் அடங்கிய தோரா சொல்வது இவ்வழக்கைத்தான் என்கிறார் ரபி மேயிர். ரபி யூதா (தொகுத்தவர் அல்ல, வேறொருவர்) ஒப்பவில்லை. தீர்ப்பு சரி, ஆனால் செத்ததையும் பங்கிட வேண்டும் என்ற பகுதி நிறைவேறவில்லையே என்கிறார். அவர் வைக்கும் வழக்கில் செத்த உடல் 50 சூஸ் பெறும். அப்போது 250 சூஸைப் பங்கிட ஆளுக்கு 125. இனி நட்டத்தை மட்டும் பாருங்கள்: 150 சூஸ் நட்டம், அதில் பாதி 75. செத்த உடலின் 50 சூஸோடு அந்த 75ஐச் சேர்த்தால் அதே 125.

ரபிகளின் நுட்பம் முழுவதும் இந்தக் கணக்கில் இருக்கிறது. வசனத்தை அவர்கள் தள்ளவில்லை. வசனமும் நீதியும் ஒரே எண்ணில் வந்து நிற்கும் வழக்கைத் தேடிக் கண்டுபிடித்து, வசனம் பேசுவது அவ்வழக்கையே என்று முடிவு செய்தார்கள். அதிலிருந்து பொது விதி பிறந்தது: முதல்முறை முட்டிய சாதுவான மாடு பாதி நட்டத்தை ஈடு செய்யும், அதுவும் அம்மாட்டின் மதிப்பைத் தாண்டாது. முன்பே எச்சரிக்கப்பட்ட மாட்டுக்கு முழு ஈடு, உரிமையாளரின் சிறந்த சொத்திலிருந்து. மேலே கண்ட 50 சூஸ் மாட்டின் வழக்கில், பறிகொடுத்தவர் செத்த உடலையும் வைத்துக்கொண்டு முட்டிய மாட்டையும் எடுத்துக்கொள்வார். தவறு செய்த பக்கம் லாபம் பெறும் வழி அடைபட்டது.

இதே கேள்வி அடுத்தடுத்த இடங்களுக்கும் பரவுகிறது. மூன்று நாள் சாட்சி சொல்லப்பட்டால்தான் மாடு எச்சரிக்கப்பட்டதாகும் என்கிறார் ரபி யூதா. மூன்று முறை போதும் என்கிறார் ரபி மேயிர். குழந்தைகள் தொட்டு விளையாடியும் முட்டாமலிருந்தால் அது மீண்டும் சாது என்பது மேயிரின் அளவுகோல். விளையாட்டரங்கில் சண்டைக்கு விடப்பட்ட மாடு ஒருவரைக் கொன்றால் அதற்கு மரணதண்டனை இல்லை; அது தானாக முட்டவில்லை, முட்ட வைக்கப்பட்டது. நூலின் தொடக்கமே மாடு, குழி, நெருப்பு முதலிய நான்கு தீங்கு வகைகளை நிறுத்தி, அவற்றின் பொதுத்தன்மையைச் சொல்கிறது: அவை தீங்கு செய்யும் இயல்புடையவை, அவற்றைக் காக்கும் பொறுப்பு உன்னுடையது. எஷ்னுன்னாவில் தனி வழக்காக இருந்தது இங்கே கவனக்குறைவு பற்றிய பொதுக் கோட்பாடாகிறது.

3. வசூலிக்க முடியாத சட்டம்

மிஷ்னாவின் மீது நடந்த விவாதங்களின் தொகுப்பான பாபிலோனியத் தல்மூத் உருவானது மெசொப்பொத்தேமியாவில்தான். ஆனால் அதன் அறிஞர்களுக்கு எஷ்னுன்னா தெரிந்திருக்க வழியில்லை. ஆப்பெழுத்து மரபு கி.பி. முதல் நூற்றாண்டோடு மறைந்துவிட்டது. ஆற்றங்கரை நாட்டின் பழைய வழக்கு எபிரேய வசனத்தின் வழியாக அதே நாட்டுக்குத் திரும்பி வந்தது.

4ஆம் நூற்றாண்டில் அங்கே ராவ் பாப்பாவும் ராவ் யெகோசுவாவின் மகன் ராவ் ஹூனாவும் பாதி ஈட்டின் காரணத்தைப் பற்றி மோதினார்கள். மாடு இயல்பாகவே காவலுக்கு அடங்காதது; முழு ஈடும் தரவேண்டியவரிடம் தோரா இரக்கம் காட்டிப் பாதியைக் குறைத்தது; ஆகவே அது நட்டஈடு என்றார் பாப்பா. மாடு இயல்பாக அடங்கி நிற்பது. எதுவும் தரவேண்டாதவரிடம், இனியாவது மாட்டைக் காக்கட்டும் என்று தோரா பாதியை வாங்குகிறது. ஆகவே அது அபராதம் என்றார் ஹூனா. தல்மூத் ஹூனாவின் பக்கம் முடிவு செய்தது.

முடிவின் விளைவு பெரிது. அபராதம் விதிக்க முறைப்படி நியமனம் பெற்ற நீதிபதிகள் வேண்டும். நியமனம் இஸ்ரேல் நாட்டில்தான் நடக்கும். ஆகவே பாபிலோனில் பாதி ஈட்டை வசூலிக்க முடியாது. ஆனால் பறிகொடுத்தவர் தாமாகவே பொருளைக் கைப்பற்றிக்கொண்டால் திரும்ப வாங்குவதில்லை. இஸ்ரேல் நாட்டில் வழக்காட நாள் குறிக்கச் சொன்னால் நாள் குறிக்கப்படும். பிரதிவாதி போக மறுத்தால் விலக்கி வைக்கப்படுவார். அரசாணை இல்லாத இடத்திலும் வாதத்தின் முடிவு மனிதர்களைக் கட்டுப்படுத்தியது. ஹம்முராபியின் விதிகளுக்குப் பின்னால் அரசன் நின்றான்; இங்கே காரணமும் சமூகத்தின் ஒப்புதலும் நின்றன.

4. இரண்டு மறுப்புகள்

காரணம் கேட்டது ரபிகள் மட்டுமா என்று கேட்கலாம். ரோமானியச் சட்ட அறிஞர்களும் கேட்டார்கள். பன்னிரண்டு பலகைகள் காலந்தொட்டு, விலங்கு தீங்கு செய்தால் ஈடு கொடு அல்லது விலங்கையே கொடு என்பது அவர்கள் வழி. இரண்டு மாடுகள் மோதினால் எது முதலில் தாக்கியது என்று பார்க்கச் சொன்னார் குவின்டஸ் முகியஸ். ஆனால் ரோமில் பிரீட்டர் என்னும் நீதி அதிகாரி புதிய வழக்குமுறைகளை உருவாக்க முடிந்தது. ரபிகளின் முன் இருந்தது ஓர் எழுத்தும் மாறாத வசனம். அந்தக் கட்டுக்குள் நின்று நீதியைத் தேடியதே அவர்கள் வாதத்துக்கு இவ்வளவு கூர்மையைத் தந்தது.

இரண்டாவது மறுப்பு கடினமானது. இஸ்ரயேலரின் மாடு அந்நியரின் மாட்டைக் கொன்றால் ஈடு இல்லை, மறுதலையாக நடந்தால் முழு ஈடு என்கிறது அதே மிஷ்னா. காக்கும் பொறுப்பு என்ற கோட்பாடு இங்கே தன் எல்லையை எட்டாமல் நின்றுவிட்டது. இதை மழுப்ப இடமில்லை. சட்டத்தைக் கற்க வந்த ரோமானிய அதிகாரிகள் மற்ற எல்லாவற்றையும் ஏற்று இந்த ஒன்றை மட்டும் மறுத்தார்கள் என்று தல்மூத்தே பதிவு செய்கிறது. பல நூற்றாண்டுகளுக்குப் பின் பெர்பிஞான் நகரத்துத் தல்மூத் உரையாசிரியர் மெயிரி, இவ்விதி சட்டத்துக்குக் கட்டுப்படாத பண்டை மக்களுக்கே பொருந்தும் என்று எல்லை கட்டினார். மறுப்பை மறைக்காமல் ஏட்டில் காத்ததே அந்தத் திருத்தத்துக்கு இடம் வைத்தது.

முடிவு

இன்று எஷ்னுன்னாவை ஆப்பெழுத்து ஆய்வாளர்களும், யாத்திராகமத்தை விவிலிய ஆய்வாளர்களும், பாவா காமாவைத் தல்மூத் அறிஞர்களும் பெரும்பாலும் தனித்தனியே படிக்கிறார்கள். முதல் இரண்டோடு ஒப்பீடு நின்றுவிடும்போது ரபிகள் வெறும் உரையாசிரியர்களாகத் தெரிகிறார்கள். மூன்றையும் ஒருசேர வைத்தால் படம் மாறுகிறது. பொது மரபிலிருந்து வந்த விதியின் கணக்குப் பிழையைக் கண்டு, நட்டத்தைப் பகிர்வது என்ற நெறியை அதிலிருந்து பிரித்தெடுத்து, வசூலிக்க முடியாத நாட்டிலும் அந்நெறிக்குக் காரணம் தேடியவர்கள் அவர்கள். பண்டைச் சட்டத்தின் வரலாற்றை எழுதுவோர், தொகுப்புகளுக்கு இணையாக அவற்றின் மீது நடந்த வாதங்களையும் மூலச் சான்றாகக் கொள்ள வேண்டும். பாதி ஈட்டின் வரலாறு அந்த வாதங்களில்தான் இருக்கிறது.